"சாப்பிட்டுட்டேன்மா" என்று சொன்ன பிள்ளைக்கு

அன்புள்ள சாம்,

ஸ்தோத்திரம். இந்த வார்த்தையைப் பார்த்ததும் நீ சிரிப்பாய் என்று தெரியும், சிரித்துக்கொள். காலமெல்லாம் இப்படியே தொடங்கி எழுதிய கைக்கு இனிமேல் வேறு பழக்கம் வராது. மந்தைவெளியில் உட்கார்ந்துகொண்டு மயிலாப்பூரில் இருக்கிற மகனுக்குக் கடிதம் எழுதுகிற பைத்தியம் இந்த மெட்ராஸில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எட்டி நடந்தால் உன் அறை வந்துவிடும். ஆனால் நீ ஞாயிற்றுக்கிழமை வரும்போது நாம் பேசுவதுதான் என்ன? தண்ணீர் லாரி வந்ததா, சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டதா, அப்பாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது. உள்ளறையில் அப்பா உட்கார்ந்திருக்கிறார், நடுவில் ஒரு திரை தொங்குகிறது, இதற்கு மேல் எதைப் பேச? நேரில் பேச ஆரம்பித்தால் ஒன்று நான் அழுவேன், இல்லையென்றால் உன்னைத் திட்டுவேன். எனக்கு வருவது அந்த இரண்டும்தான். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

தை பிறந்தால் உனக்கும் காயத்ரிக்கும் கல்யாணம். காலையில் ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்து, மத்தியானம் லஸ் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தில் சாப்பாடு. பத்திரிகையை நீயே கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, "வரணும்னு கட்டாயம் இல்லம்மா, உன் இஷ்டம்" என்றாய். வரச்சொல்லி மல்லுக்கட்டியிருந்தாலாவது நான் பதிலுக்கு மல்லுக்கட்டியிருப்பேன். உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனாயே, அது நெஞ்சில் மீன்முள் மாதிரி மாட்டிக்கொண்டது. அதற்கு அடுத்த வாரம் போதகர் ஐயா வீட்டுக்கு வந்தார். காப்பி வேண்டாம் என்றார். "சிஸ்டர், பெத்த மனசு, நான் தடுக்கல. போங்க, பாருங்க, வாழ்த்திட்டு வாங்க. ஆனா பந்தியில மட்டும் உக்காந்துடாதீங்க. உக்காந்தீங்கன்னா அப்புறம் நம்ம திருவிருந்துல, அப்பம் பிட்டுக் குடுக்கறப்ப, உங்களுக்கு இடம் குடுக்க என்னால முடியாது" என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அவரை நான் பொல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். உன்னை ஞானஸ்நானத் தொட்டியில் முக்கி எடுத்தவரே அவர்தான். ஆனாலும் அவர் போன பிறகு கதவைக் கொஞ்சம் சத்தமாகத்தான் சாத்தினேன்.

காயத்ரியும் இதைப் படிப்பாள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். அம்மா காயத்ரி, எங்கள் சபை கண்டிப்பான சபை. ஆண் பெண் எல்லாருக்கும் வெள்ளை உடுப்பு. நகை கிடையாது, தாலியும் கிடையாது, தலையில் பூ கிடையாது, சினிமா கிடையாது, ரேடியோ கிடையாது, கச்சேரி கிடையாது. அதையெல்லாம் விட்டதில் எனக்கு ஒரு நாளும் வருத்தம் இருந்ததில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கைதட்டிப் பாடும்போது எனக்குள் ஏறுகிற சந்தோஷத்துக்குக் கழுத்து நிறையப் பவுன் போட்டாலும் ஈடாகாது. ஆனால் எங்களிடம் இன்னொரு கட்டளையும் உண்டு. சபையிலிருந்து ஒருவனைப் புறம்பாக்கிவிட்டால், அவனோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. பேசலாம், விசாரிக்கலாம், பசி என்று வந்தால் சோறு போடலாம். ஆனால் அவன் சாப்பிடுகிற நேரத்தில் அவனோடு நம் கை தட்டில் படக் கூடாது. அவன் மனம் திரும்பி வருகிறவரைக்கும் அப்படித்தான். பெற்ற பிள்ளையானாலும் அப்படித்தான்.

உன்னை ஏன் புறம்பாக்கினார்கள் என்பதை நீ அவளிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாய். நான் சிரிக்காமல் சொல்கிறேன். அந்த மார்கழியில் நீ வேலை முடிந்து வரும் வழியில் ஒரு கச்சேரி மண்டபத்தின் பின்சுவர் ஓரமாக நின்று வயலின் கேட்டிருக்கிறாய். மறுநாளும் போய் நின்றாய். அப்புறம் தினமும். நம் சபைச் சகோதரி ஒருத்தி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். சாட்சி சொல்லும் நேரத்தில் நீ எழுந்து, தவறு செய்துவிட்டேன், மன்னியுங்கள் என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். எத்தனை பேர் அப்படிச் சொல்லி, ஆமென் வாங்கி, அடுத்த வாரமே பழைய குருடி கதவைத் திறடி என்று போனதை நான் பார்த்திருக்கிறேன்! நீ எழுந்தாய். "நான் போனது நெசம், கேட்டது நெசம். அது தப்புன்னு எனக்குத் தோணல ஐயா. தோணாததை இங்க நின்னு சொன்னா அது பொய். பொய் சொல்ல மாட்டேன்" என்றாய். இங்கே போதிக்கிறதையாவது விசுவாசிக்கிறாயா என்று ஐயா கேட்டார். "நெறைய விசயம் நம்பலங்கய்யா. ரொம்ப நாளாவே நம்பல." என்றாய். உன் அப்பா சபை மூப்பர் என்பதால் உன்னைப் புறம்பாக்கும் அறிவிப்பை அவர்தான் எழுந்து சொல்ல வேண்டியிருந்தது. அவர் குரல் நடுங்கவில்லை. சொல்லி முடித்ததும் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிரித்தது பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது.

நீ தனி அறை பார்த்துக்கொண்டு போனாய். நான் காத்திருந்தேன். எதற்கு என்றால், நீ கெட்டுப்போவதற்கு. வேறு எப்படிச் சொல்ல? எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொடுத்தது அதுதான். வேலியைத் தாண்டின ஆடு ஓநாய் வாய்க்குத்தான் போகும். விசுவாசத்தை விட்டவன் முதலில் குடிப்பான், பிறகு பெண்கள் பின்னால் போவான், கடைசியில் நிம்மதி இல்லாமல் தெருவில் நிற்பான். இந்த வரிசையில்கூட எங்களுக்குச் சந்தேகம் இருந்ததில்லை. அதற்கு எப்போதும் பால்ராஜ் என்று ஒரு பையனைத்தான் உதாரணம் காட்டுவார்கள், உனக்கு நினைவிருக்கும், தேன் மாதிரிப் பாடுவானே. சபையை விட்டுப் போய்க் குடித்தே அழிந்துபோனான். அதனால் நீ வரும்போதெல்லாம் நான் உன் கண்ணைப் பார்ப்பேன், சட்டையை முகர்ந்து பார்ப்பேன். துவைக்கப் போடு என்று வாங்கி வைத்துக்கொண்டு பையைத் துழாவுவேன். பஸ் டிக்கெட் கிடைக்கும், சில்லறை கிடைக்கும், ஒரு தடவை பாதி தின்ற இஞ்சி மரப்பா கிடைத்தது.

கடைசியில் ஒரு நாள் துப்புக் கிடைத்தது. பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கூடை தூக்கி வருவாளே அஞ்சலை, அவள் படியில் கூடையை இறக்கிவைத்துக்கொண்டே, "இன்னாமா, நேத்து சாயங்காலம் உன் புள்ளைய பார்த்தேன். பீச்சாண்ட குந்திக்கினு சிகிரெட்டு புட்ச்சிக்கினு கீறான்" என்றாள். எனக்குத் திக்கென்றது. அந்தத் திக்குக்கு அடியிலேயே, கர்த்தர் என்னை மன்னிக்கட்டும், ஒரு சின்ன நிம்மதியும் வந்தது. சொன்னது சொன்னபடி நடக்கிறதே என்கிற நிம்மதி. "குடிச்சிருந்தானா?" என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ இன்னாமா பொம்பள! குடிச்சவன் எவன்னு எனக்குத் தெரியாதா? எங்க ஊட்லயே ரெண்டு கீது. அந்தப் புள்ள மூஞ்சி வாடிப்போய் கீதும்மா. சோறு துன்னானான்னு கேட்டியா நீ? அத்த வுட்டுட்டு..." என்று வஞ்சிரத்தை நறுக்கென்று வெட்டினாள். அவள் கேட்ட கேள்வி எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. சிகரெட் மட்டும் உறைத்தது. அதை ஜெபக்குறிப்பில் கொடுத்தேன், எல்லாரும் எனக்காக உருகி ஜெபித்தார்கள்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வருகிறேன், இந்தக் கடிதமே அதற்காகத்தான். தொடக்கத்தில் நீ ஆராதனை முடிகிற நேரம் பார்த்து வருவாய். நான் உனக்குத் தட்டு வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிக்குழம்பு, ரசம், உனக்குப் பிடித்த உருளைக்கிழங்குப் பொரியல். அப்பா உள்ளறைக்குப் போய்விடுவார். நான் எதிரே உட்கார்ந்து பரிமாறுவேன். "நீ சாப்பிடலயா?" என்பாய். "அப்புறம்" என்பேன். உன்னை நினைத்து அழுதழுது காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டேன், பிள்ளைக்குப் போடாமல் ஒரு பருக்கை என் வாயில் இறங்காது, அது நான் பிறந்த ராசி. நீ போன பிறகுதான் நானும் அப்பாவும் உட்காருவோம். அப்படி ஒரு நாள் உனக்கு ரசம் ஊற்றும்போதே எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்து சாய்ந்துவிட்டேன். சர்க்கரை இறங்கிவிட்டது. நீதான் சீனியை வாயில் போட்டு, மடியில் படுக்கவைத்து, முகம் துடைத்தாய். உன் தட்டில் சோறு பாதி அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. அப்பா திரையை விலக்கி நின்றுகொண்டிருந்தார், அருகே வரவில்லை.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து நீ மாறிவிட்டாய். வாசலிலேயே, செருப்பைக் கழற்றும்போதே, "சாப்பிட்டுட்டேன்மா. நீங்க போய்ச் சாப்பிடுங்க, நான் பேப்பர் பாக்கறேன்" என்பாய். எங்கே சாப்பிட்டாய் என்றால் மெஸ்ஸில் என்பாய். என்ன சாப்பாடு என்றால் பிரமாதம் என்பாய். ஒரு வாய் வாங்கிக்கொள்ளடா என்று கெஞ்சியிருக்கிறேன். "வயிறு ஃபுல்லுமா" என்று தட்டிக் காட்டுவாய். நாங்கள் உள்ளே போய்ச் சாப்பிடுவோம். நீ முன்னறையில் உட்கார்ந்திருப்பாய். கறிக்குழம்பு வாசனை முன்னறைக்கு வராமலா இருக்கும்? எனக்கு வயிறு எரிந்தது. அம்மா கைப்பக்குவம் கசந்துவிட்டது, ஓட்டல் ருசி பிடித்துவிட்டது, இதோ இதுதான் உலகம் இவனைக் கொண்டுபோகிற விதம் என்று முடிவுகட்டினேன். மனதுக்குள் கட்டியதோடு விட்டேனா? சாட்சி நேரத்தில் எழுந்து நின்று, "என் பிள்ளைக்குத் தாயின் கையால் சாப்பிடக்கூட மனசில்லாமல் போயிற்று, ஜெபியுங்கள்" என்று அழுதேன். கூடமே ஆமென் என்றது. வருஷக்கணக்காக இது நடந்தது, சாம்.

போன மாதம் காயத்ரியும் அவள் அம்மாவும் வீட்டுக்கு வந்தார்களே, அன்றைக்கு நீ இல்லை, தி.நகரில் உன் கம்ப்யூட்டர் வகுப்பில் இருந்தாய். அந்தக் கூத்தை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும். கதவைத் திறந்து நான் நிற்கிறேன், வெள்ளைப் புடவை, வெறும் கழுத்து, வெறும் நெற்றி, கையில் ஒரு கண்ணாடி வளையல்கூட இல்லை. அந்த அம்மாள் பட்டுப்புடவையும் வைரத்தோடுமாக நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்த்த வேகத்தில் அவர் கண் நிறைந்துவிட்டது. உள்ளே வந்து உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நேக்கு யாருமே சொல்லலையே மாமி. தனியாவா இந்தப் பிள்ளைய வளத்து ஆளாக்கினேள்? எத்தனை வருஷமாச்சு?" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எத்தனை வருஷமாச்சு என்றால்? சரியாக அந்த நேரம் உன் அப்பா பனியனோடு வெளியே வந்து, "என் மூக்குக் கண்ணாடியை எங்க வெச்சே?" என்று கேட்டார். அந்த அம்மாள் எழுந்தே நின்றுவிட்டார். "ஐயோ, அபச்சாரம், அபச்சாரம்! நீங்க சுமங்கலியா!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். காயத்ரி சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்கு ஓடினாள். நான், "அவரு நல்லாத்தாங்க இருக்காரு. காலையில இட்லி போதலைன்னு சண்டை போட்டுட்டு உக்காந்திருக்காரு" என்றேன். உன் அப்பா கண்ணாடி கிடைக்காமலேயே உள்ளே போய்விட்டார்.

அப்புறம் அந்த அம்மாளும் நானும் நன்றாகவே பேசினோம். அவர் பேச்சைக் கேட்கக் கேட்க எனக்கு என் குரலையே கேட்கிற மாதிரி இருந்தது. "எங்காத்துல மடி ஆசாரம் எல்லாம் ஜாஸ்தி. இவ காலேஜ் முடிச்சதுலேந்து பூஜை உள்ளுக்கே வரதில்லே. நம்பிக்கை இல்லேங்கறா. சாமி பயம் போச்சுன்னா பொண்ணு எப்படி மாமி ஒழுங்கா இருப்பா? நான் ராப்பகலா பயந்துண்டே இருக்கேன்" என்றார். நான் காப்பி போட எழுந்தேன். அவர் தயங்கினார். வெளியிடத்தில் கை நனைப்பதில்லையாம். அவர் கொண்டுவந்த சுண்டலை என் முன்னால் நீட்டினார். நான் தயங்கினேன். சாமிக்குப் படைத்தது எங்களுக்கு ஆகாது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அலமாரி மேல் ஒரு சீப்பு வாழைப்பழம் கண்ணில் பட்டது. ரஸ்தாளி. "பழத்துக்கு என்ன மாமி?" என்றார். அதானே, பழத்துக்கு என்ன? ஆளுக்கொன்று உரித்தோம். சம்பந்தி விருந்து என்றால் அதுதான், வாழைப்பழமும் தண்ணீரும்.

தோலைப் போடச் சமையலறைக்குப் போனேன். காயத்ரி அங்கே டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். சுற்றிவளைக்காத பெண். நேராகக் கேட்டாள். "ஆன்ட்டி, ஞாயித்துக்கெழமை நீங்க அவருக்கு சாப்பாடே போட மாட்டேளா?" எனக்குச் சுருக்கென்றது. "போட்டா சாப்பிட்டாத்தானே? அவன்தான் வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு வரானே!" என்றேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "எங்க ஆன்ட்டி சாப்பிடறார்? உங்காத்துலேந்து கெளம்பி நேரா மெஸ்ஸுக்குத்தான் ஓடுவார். போறதுக்குள்ள அங்க கூட்டித் தள்ளிண்டு இருப்பா. பாதி நாள் பன்னும் டீயும்தான். நானும் கேட்டுட்டேன், ஏன் இப்படிப் பட்டினி கெடக்கணும்னு. அவர் சொன்னார், 'நான் பசின்னா அம்மா எனக்குப் போட்டுட்டு பாத்துண்டு உக்காருவா, அவ சாப்பிட முடியாது. நான் சாப்பிட்டாச்சுன்னாதான் அவ நேரத்துக்கு சாப்பிடுவா. அவளுக்குச் சர்க்கரை'ன்னு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் ஆன்ட்டி." எனக்குத் தெரியாது. வாழைப்பழத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அந்தப் பெண் பயந்துபோய் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு பொய் சொல்ல மாட்டேன் என்றுதானே நீ எங்களை விட்டுப் போனாய்! சபையே கேட்டும், பெற்றவர் எதிரே இருந்தும், உன் வாயிலிருந்து வராத பொய் அது. அப்பேர்ப்பட்டவன் எனக்காக வாரம் தவறாமல், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, கூசாமல் ஒரு பொய் சொல்லியிருக்கிறாய். பொய் பாவம் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். அந்தப் பொய்க்காக இப்போது தினமும் முழங்காலில் நின்று கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன். அவர் என்ன நினைத்துக்கொள்வாரோ, நினைத்துக்கொள்ளட்டும். ஓட்டல் ருசி கண்டவன் என்று ஊரைக் கூட்டி அழுதேனே, அத்தனை வருஷமும் நீ கறிக்குழம்பு வாசனையை மோந்துகொண்டு வெறும் வயிற்றோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறாய். என் பிள்ளை கெட்டுப்போனதற்கு அத்தாட்சி என்று நான் காட்டியது எதுவோ அதுவே அவன் கெடாததற்கு அத்தாட்சியாக இருந்திருக்கிறது.

கடுமையான மார்க்கத்தை விட்டவன் ஒழுக்கம் கெட்டு, நிம்மதி கெட்டுப் போவானா என்று யாராவது என்னைக் கேட்டால் இப்போது என்ன சொல்வேன்? எனக்குப் பெரிய ஞானம் ஒன்றும் இல்லை, பார்த்ததைத்தான் சொல்ல முடியும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து, வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியை அடிக்கிறவரையும் எனக்குத் தெரியும். அவருக்காக யாரும் ஜெபக்குறிப்புக் கொடுத்ததில்லை. சபைக்குள்ளேயே இருந்து, பசித்தவனுக்குத் தன் தட்டைத் தள்ளிக்கொடுக்கிற தங்கமான மனுஷரையும் தெரியும். பால்ராஜ் வெளியே போய்க் கெட்டான், உண்மைதான். ஆனால் அவன் போன பிறகு எங்களில் ஒருத்தராவது அவனைக் கூப்பிட்டு ஒரு வாய் சோறு போட்டு எதிரே உட்கார்ந்தோமா? என் பாட்டைத் தேன் என்று சொன்னவர்கள் எல்லாம் தெருவில் முகம் திருப்பிக்கொண்டு போனால் நானும்தான் குடிப்பேனோ என்னவோ. மனுஷன் கெடுவதற்கும் நிமிர்வதற்கும் வேலிக்கு உள்ளே வெளியே என்பது மட்டும் காரணம் இல்லை. இதைச் சொல்ல எனக்கு இத்தனை வயதாக வேண்டியிருந்தது.

நீ சந்தோஷமாக இருந்தாய் என்றும் சொல்ல மாட்டேன். அந்தப் பொய் நமக்குள் வேண்டாம். முதல் இரண்டு மூன்று வருஷம் நீ இளைத்துத் துரும்பானாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பின்சந்தில் ஒரு மரத்தடியில் நீ நின்றுகொண்டிருந்தாய். உதடு அசைந்தது. உள்ளே நாங்கள் பாடிய பாட்டைத்தான் நீயும் வெளியே நின்று பாடிக்கொண்டிருந்தாய். வயலினுக்கும் வெளியே நின்றாய், எங்களுக்கும் வெளியே நின்றாய். உன் துக்கத்தைப் பார்த்து, கர்த்தரை விட்டதால் வந்த துக்கம் என்றோம். அடேய், அது நாங்கள் கதவைச் சாத்தியதால் வந்த துக்கம். அவனுக்கு நிம்மதி இல்லை பாருங்கள் என்று சொன்ன நாங்கள்தான் அவன் நிம்மதியைக் கையில் வைத்திருந்தோம். அப்புறம் மெல்ல மெல்ல உன் முகம் தெளிந்தது. வேலை வந்தது, சிநேகிதர்கள் வந்தார்கள், இந்தப் பெண் வந்தாள். இப்போது நீ சிரிக்கிற சிரிப்பு, சின்னப் பிள்ளையில் மடியில் படுத்துச் சிரித்தாயே, அதேதான். உன்னைச் சிரிக்கவைத்ததற்குக் காயத்ரிக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போகிறேன்? சிகரெட்டையும் அவளே நிறுத்தவைத்தாளாம், அதற்குத் தனி ஸ்தோத்திரம்.

அம்மா என்ற முறையில் இரண்டு வார்த்தை புத்தி சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. உங்கள் வீட்டில் எந்தச் சட்டம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், சாப்பாட்டில் மட்டும் போடாதீர்கள். சண்டை வந்தால் வரட்டும், ஆனால் கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற பழக்கம் உங்கள் இரண்டு பேருக்கும் வேண்டாம். நாளைக்கு உங்களுக்கு ஒரு பிள்ளை பிறக்கும். அது வளர்ந்து, நீங்கள் நம்பாததை நம்பும். ஒரு நாள் என்னைப் போலவே வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு, காதில் இருக்கிறதைக் கழற்றிவைத்துவிட்டு, வேதபுத்தகமும் கையுமாக வந்து நிற்கும். நடக்காது என்று நினைக்காதே, பேரப்பிள்ளைகள் பாட்டிகளைக் கொண்டு பிறக்கிறதுண்டு. அப்போது நீங்கள் கேலி செய்யாமல், பைத்தியம் என்று சொல்லாமல், சட்டைப் பையைத் துழாவி உளவு பார்க்காமல், பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போடுங்கள். நீ எனக்குச் செய்தது அதுதான். என் விசுவாசத்தை நீ நம்பவில்லை. ஆனால் அதை நான் மீறாமல் இருக்க உன் வயிற்றைக் காயப்போட்டாய். இந்த மரியாதையை எனக்கு விசுவாசிகள்கூடக் கொடுத்ததில்லை.

உன் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காயத்ரி சொன்னதை அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன். தோசை தின்றுகொண்டிருந்தார். எழுந்து கை கழுவிவிட்டார், தட்டில் பாதி தோசை அப்படியே கிடந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்து "சாப்பிட்டுட்டேன்மா" என்றபோது, திரைக்குப் பின்னால் அவர் இருமினாரே, கேட்டதா உனக்கு? அது இருமல் இல்லை. நானும் அன்றே உன் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்திருக்கலாம். தைரியம் வரவில்லை. இப்போது வந்திருக்கிறது. போதகர் ஐயாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "ஐயா, திருவிருந்துல எனக்கு இடம் இல்லைன்னா நான் கடைசி வரிசையில உக்காந்து பாடிட்டுப் போறேன். பாடக்கூடாதுன்னு சொன்னீங்கன்னா என் பிள்ளை நின்ன மரத்தடி இருக்கு, அங்க நின்னு பாடறேன்." நான் விசுவாசத்தை விடவில்லை, சாம், நீ தப்பாக எண்ணிக்கொள்ளாதே. அப்பத்தைப் பிட்டுப் பிட்டுக் கொடுத்தவரைத்தான் நான் இன்றைக்கும் கும்பிடுகிறேன். அவர் யாரோடெல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டார் என்று வேதத்தில் தேடிப் பார்த்தேன். ஊர் ஒதுக்கிவைத்த பாவிகளோடெல்லாம் உட்கார்ந்திருக்கிறார். பார்த்த பிறகு பயம் போய்விட்டது.

ஆகவே கல்யாணத்துக்கு வருகிறேன். வெள்ளைப் புடவையில்தான் வருவேன், கஞ்சி போட்டுவைத்தாயிற்று. என் தலைக்கு மல்லிகைப்பூ நீட்ட வேண்டாம் என்று காயத்ரியிடம் சொல். அவள் தலை நிறைய வைத்துக்கொள்ளட்டும், நான் கண்குளிரப் பார்க்கிறேன். மண்டபத்தில் யாராவது என்னைப் பார்த்துச் சகுனம் என்று முணுமுணுத்தால் அவள் அம்மா சங்கடப்பட வேண்டாம், அதற்குப் பதிலாக என் பக்கத்திலேயே ஒருத்தர் வந்து நிற்பார் போலிருக்கிறது. உன் அப்பா வருகிறேன் என்று சொல்லவில்லை. வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் நேற்று நல்ல வேட்டியை எடுத்து இஸ்திரிக்காரனிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். இன்று காலையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு, "பந்தி எத்தனை மணிக்காம்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவங்க வீட்டுல வத்தக்குழம்பு நல்லா வைப்பாங்களாமே" என்றார். எனக்கு அது போதும்.

முதல் பந்தியில் மூன்று இலை சேர்த்துப் போடச் சொல், நடுவில் உனக்கு, இரண்டு பக்கமும் எங்களுக்கு. மாத்திரையைப் போட்டுக்கொண்டு நேரத்துக்கு வந்துவிடுகிறேன், இலை விரிப்பதைத் தாமதிக்க வேண்டாம் என்றும் சொல். அன்றைக்கு ஒரு நாளாவது, என் கண்ணே, "சாப்பிட்டுட்டேன்மா" என்று சொல்லிவிடாதே.

உன் அம்மா